நோயாளிக்குச் சமூகம் பட்ட கடன்

நோயுற்றவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது பிறரின் கருணையா, சமூகத்தின் கடமையா? கடமை என்றால் அது எதுவரை? அந்த எல்லையை வகுப்பவர் யார்? மருத்துவச் செலவு பற்றிய எந்த அரசியல் விவாதத்தைக் கிளறினாலும் இந்த மூன்று கேள்விகளில்தான் போய் நிற்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தீராமல் கிடக்கின்றன. 1960இல் அந்நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 5 சதவீதம் மருத்துவத்துக்குச் செலவானது. 2023இல் அது 17 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இவ்வளவு செலவிட்டும், எல்லாக் குடிமக்களுக்கும் சிகிச்சையை உறுதிசெய்யாத செல்வ நாடாகவே அது இருந்துவருகிறது.

ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இலேயே தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீட்டைக் கட்டாயமாக்கினார். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. அமெரிக்கா போன வழி வேறு. அது யோசித்துத் தேர்ந்த வழியும் அன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரசு ஊதிய உயர்வைத் தடுத்து நிறுத்தியது. ஆட்களைத் தக்கவைக்க நிறுவனங்கள் ஊதியத்துக்கு ஈடாக மருத்துவக் காப்பீட்டைக் கொடுக்கத் தொடங்கின. 1954இல் அதற்கு வரிவிலக்கும் சட்டமாக உறுதியானதும், காப்பீடு வேலையோடு பிணைந்துவிட்டது. வேலை போனால் காப்பீடும் போகும் என்ற நிலை உருவானது. 1945இல் அதிபர் ட்ரூமன் தேசியக் காப்பீட்டை முன்மொழிந்தபோது, அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைச் சோஷலிச மருத்துவம் என்று சொல்லி எதிர்த்தது; திட்டம் நிறைவேறவில்லை. 1965 ஜூலை 30 அன்று லிண்டன் ஜான்சன், 65 வயதைக் கடந்தோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்ட் ஆகிய திட்டங்களுக்குக் கையெழுத்திட்டார். 1993இல் கிளிண்டன் கொண்டுவந்த திட்டம் மறு ஆண்டே கைவிடப்பட்டது. 2010 மார்ச் 23 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், ஏற்கெனவே நோய் உள்ளவர் என்ற காரணத்தால் ஒருவருக்குக் காப்பீட்டை மறுப்பதைத் தடைசெய்தது. அந்த ஆண்டில் காப்பீடு இல்லாதவர்கள் ஏறத்தாழ 4.8 கோடிப் பேர். 2016இல் அந்த எண்ணிக்கை 2.8 கோடி அளவுக்கு இறங்கியது.

இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் நின்ற தத்துவ வழக்கு இரண்டு பெயர்களைச் சுற்றித் தெளிவாக வடிவெடுத்தது. ஆங்கிலத் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ், சமத்துவம் பற்றி 1962இல் வெளியான கட்டுரையில், மருத்துவத்தைப் பங்கிடுவதற்குத் தகுந்த அடிப்படை நோய்தான் என்றார். இருவருக்கும் ஒரே நோய். ஒருவரிடம் பணம் இருக்கிறது, மற்றவரிடம் இல்லை. அதனால் ஒருவருக்கு மட்டும் சிகிச்சை கிடைக்கிறது என்றால், மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்று அங்கே தீர்ப்புச் சொல்கிறது என்பது அவர் வாதம். ஹார்வர்டில் கற்பித்த ராபர்ட் நோசிக் 1974இல் இதை மறுத்தார். முடிதிருத்துபவர் யாருக்கு முடிதிருத்த வேண்டும் என்று சமூகம் கட்டளையிடுவதில்லை. மருத்துவரின் உழைப்பு மட்டும் எப்படிப் பொதுச்சொத்தாகும் என்று கேட்டார். சிகிச்சை வானிலிருந்து விழுவதில்லை, யாரோ ஒருவரின் உழைப்பிலிருந்தும் யாரோ ஒருவரின் பணத்திலிருந்தும் வருகிறது என்பதை அவர் நினைவூட்டினார். அந்த நினைவூட்டலில் நியாயம் உண்டு. ஆனால் முடிதிருத்துவது எல்லோருக்கும் ஒரே அளவில் நேரும் செலவு, புற்றுநோய் அப்படியல்ல. கேளாமல் வருவது, தள்ளிப்போட முடியாதது, ஒருவரின் படிப்பு, பிழைப்பு, குடும்பம் அனைத்தையும் ஒருசேரச் சாய்ப்பது நோய். வாழ்வின் வாய்ப்புகளைக் காப்பதாலேயே மருத்துவம் மற்றச் சரக்குகளிலிருந்து வேறுபடுகிறது என்று தத்துவவாதி நார்மன் டேனியல்ஸ் 1985இல் எழுதிய நூல் வாதிட்டது. தத்துவவாதி ஜான் ரால்ஸின் நீதிக் கோட்பாட்டை அவர் மருத்துவத்துக்கு நீட்டினார்.

கடமை உண்டா என்ற முதல் கேள்விக்கு அமெரிக்கச் சமூகம் பாதி விடையை ஏற்கெனவே சொல்லிவிட்டது. 1986இல், ரீகன் ஆட்சியில் வந்த சட்டம் ஒன்று, மெடிகேர் பணம் பெறும் எந்த மருத்துவமனையும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரைப் பணமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது என்றது. உயிர் போகும் நிலையில் வாசலில் கிடப்பவரை விட்டுவிட மனம் ஒப்பாது என்பதே இதன் பொருள். அப்படிக் காப்பாற்றுவதற்கான செலவு மற்றவர்களின் கட்டணத்தில் ஏறுகிறது. எனவே எல்லோரும் முன்கூட்டியே காப்பீட்டில் சேர வேண்டும் என்ற வாதம் பிறந்தது. 2006இல் மாசசூசெட்ஸ் மாநிலமும் 2010இல் நாடும் அதைச் சட்டமாக்கின. குடிமகனை ஒரு பொருள் வாங்கும்படி அரசு வற்புறுத்தலாமா என்ற எதிர்க்கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், காப்பீட்டில் சேராதவர் கட்ட வேண்டிய அபராதம் ஒரு வரி என்ற முறையில் அந்தச் சட்டம் நிலைத்தது. 2019 முதல் அந்த அபராதம் பூஜ்யமாக்கப்பட்டது.

சமய மரபுகளும் இந்த வழக்கில் பிரிந்தே நின்றன. போப் இருபத்து மூன்றாம் ஜான் 1963இல் வெளியிட்ட சுற்றுமடல், மருத்துவ உதவியை மனித உரிமைகளுள் ஒன்றாக வைத்தது. ஆனாலும் 2010இல், அனைவருக்கும் சிகிச்சை என்ற இலக்கை ஏற்ற அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள், கருக்கலைப்புக்குப் பொதுப்பணம் போகும் என்ற அச்சத்தால் மசோதாவை எதிர்த்தார்கள். கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கம் அதை ஆதரித்தது. பிறர் துயர் தீர்ப்பது சபையின் கடமை, அரசின் கடமையன்று என்று கருதும் குழுக்களும் உண்டு. அமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தினர் தங்கள் நோய்ச் செலவைத் தங்களுக்குள்ளேயே பகிர்ந்துகொள்பவர்கள். கட்டாயக் காப்பீட்டிலிருந்து சட்டம் அவர்களுக்கு விலக்களித்தது. இவர்களில் யாரும் கடமையை மறுக்கவில்லை. கடமையைச் சுமக்கும் தோள் எது என்பதில்தான் வேறுபட்டார்கள்.

செலவு ஏன் ஏறுகிறது என்பதைப் பொருளியல் பல வழிகளில் விளக்குகிறது. மருத்துவத்தில் வாங்குபவருக்குத் தனக்கு என்ன தேவை என்பதே தெரியாது, விற்பவர்தான் சொல்கிறார். ஆகவே சாதாரணச் சந்தை விதிகள் இங்கே செல்லாது என்று பொருளியலர் கென்னத் ஆரோ 1963இல் காட்டினார். செவிலியரின் நேரத்தையும் மருத்துவரின் கவனத்தையும் இயந்திரத்தால் சுருக்க முடியாது என்பதால், பிற துறைகள் மலிவாக ஆக இத்துறை விலையேறும் என்பது வில்லியம் பாமோலின் விளக்கம். மக்கள் தொகையில் செலவு மிகுந்த 5 சதவீதத்தினருக்கே மொத்தச் செலவில் ஏறத்தாழப் பாதி போகிறது. நோயாளியே ஒரு பகுதியைக் கட்டினால் வீண்செலவு குறையும் என்ற எண்ணத்தை 1970களில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் பெரிய அளவில் சோதித்தது. செலவு குறைந்தது, ஆனால் மக்கள் தேவையற்ற சிகிச்சையோடு தேவையான சிகிச்சையையும் சேர்த்தே குறைத்துக்கொண்டார்கள். இரத்த அழுத்தம் இருந்த ஏழைகள் அதனால் பாதிக்கப்பட்டார்கள்.

எல்லையை வகுப்பது யார் என்ற கேள்வி முதலில் முகத்துக்கு நேராக எழுந்த இடம் சியாட்டல் நகரம். அங்கே மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர் 1960இல் உருவாக்கிய குழாய் இணைப்பு, சிறுநீரகம் செயலிழந்தவர்களை வாரந்தோறும் டயாலிசிஸ் செய்து ஆண்டுக்கணக்கில் வாழவைக்கும் வழியைத் திறந்தது. நோயாளிகள் பலர், இயந்திரங்களோ சில. யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யப் பெயர் வெளியிடப்படாத ஏழு பேர் கொண்ட குழு அமைந்தது: ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை மருத்துவர். மருத்துவத் தகுதி ஒத்திருந்தவர்களுக்குள் வயது, திருமணம், பிள்ளைகள், வருமானம், படிப்பு, தொழில் ஆகியவற்றை அவர்கள் எடைபோட்டார்கள். தேவாலயத்துக்குப் போகும் பழக்கம்கூடக் கணக்கில் வந்தது. 1962இல் லைஃப் இதழ் இதை எழுதியபோது நாடு அதிர்ந்தது. தங்களைப் போன்றவர்களையே நல்லவர்கள் என்று கண்ட குழு அது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. நவீன மருத்துவ அறவியல் ஒரு துறையாகத் தலையெடுத்ததற்கு இந்த நிகழ்வும் ஒரு காரணம்.

அமெரிக்கா இந்தச் சங்கடத்திலிருந்து தப்பிய விதம் கவனத்துக்குரியது. 1971இல் நாடாளுமன்றக் குழுவின் முன்னிலையிலேயே ஒரு நோயாளிக்கு டயாலிசிஸ் செய்து காட்டப்பட்டது. 1972இல், சிறுநீரகம் செயலிழந்த ஏறத்தாழ எல்லோருக்கும், எந்த வயதானாலும், மெடிகேர் பணம் கொடுக்கும் என்று சட்டம் வந்தது. தேர்ந்தெடுக்கும் பாரத்தைப் பணம் இறக்கிவைத்தது. தொடக்கத்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேராக இருந்த நோயாளிகள் பிற்காலத்தில் ஐந்து லட்சத்தைத் தாண்டினார்கள். ஒரு நோய்க்கு அளித்த வாக்கை எல்லா நோய்க்கும் அளிக்க அந்த நாடு முன்வரவில்லை.

ஆரிகன் மாநிலம் எதிர்வழியில் சென்றது. 1987இல் அது மெடிகெய்டில் உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளை நிறுத்தி, அந்தப் பணத்தைக் கர்ப்பிணிகள் முதலானோரின் அடிப்படைச் சிகிச்சைக்குத் திருப்பியது. எலும்பு மஜ்ஜை மாற்றுக்குக் காத்திருந்த ஏழு வயதுச் சிறுவன் இறந்தபோது மாநிலமே கலங்கியது. மாநில மேலவைத் தலைவராக இருந்த மருத்துவர் ஜான் கிட்ஸ்ஹாபர், முடிவை மறைவாக எடுப்பதைவிட மக்கள் முன் எடுப்பதே நேர்மை என்றார். 1989 சட்டத்தின்படி சிகிச்சைகள் வரிசைப்படுத்தப்பட்டன. வெறும் செலவுக் கணக்கில் அமைந்த முதல் பட்டியலில், பல்லுக்கு உறை போடுவது குடல்வால் அறுவைக்கு மேலே வந்தது. உயிர்காப்பதற்கு மனிதர்கள் தரும் தனி மதிப்பு அந்தக் கணக்கில் இல்லை. பொதுக்கூட்டங்களில் மக்கள் கருத்தைக் கேட்டுத் திருத்திய 1991ஆம் ஆண்டுப் பட்டியலில் 709 இனங்கள் இருந்தன. 587ஆம் இனம் வரை பணம் ஒதுக்கப்பட்டது. அதன் பயனாகக் காப்பீடு இல்லாத ஏழைகள் பலர் திட்டத்துக்குள் வந்தார்கள்.

எந்தச் சிகிச்சைக்குப் பொதுப்பணம் தருவது என்று முடிவுசெய்யவே பிரிட்டன் 1999இல் ஒரு நிறுவனத்தை அமைத்தது. நோயாளிக்கு நலமான ஓர் ஆண்டைக் கூட்டித்தரும் சிகிச்சைக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை கொடுக்கலாம் என்பதை அது நெடுங்காலம் வெளிப்படையான அளவுகோலாக வைத்திருந்தது. இத்தகைய அளவுகோல் முதியோரையும் ஊனமுற்றோரையும் தாழ்த்திவிடக்கூடும் என்ற எதிர்ப்பு அழுத்தமானது, விடை வேண்டுவது. அமெரிக்காவிலோ 2009இல், அந்திமக்கால விருப்பங்களை மருத்துவரோடு பேசுவதற்குக் கட்டணம் தரும் ஒரு பிரிவைக்கூட மரணக் குழு என்று தூற்றினார்கள். அது மசோதாவிலிருந்து நீக்கப்பட்டது.

எல்லையே வகுக்காத நாடு எதுவும் இல்லை. பிரிட்டனில் எல்லையை ஒரு விதி வகுக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலும் விலை வகுக்கிறது. விலைக்கு முகம் கிடையாது, காரணம் கேட்க முடியாது, மேல்முறையீடும் செய்ய முடியாது. சியாட்டலின் ஏழு பேர் தவறியிருக்கலாம். ஆனால் தாங்கள் யாரைக் கைவிட்டோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தடுக்கக்கூடிய நோயிலிருந்து தப்பும் வாய்ப்பு பணக்காரக் குழந்தைக்கு இருப்பதைப்போல ஏழைக் குழந்தைக்கும் இருக்க வேண்டுமா என்று பொருளியலர் ஊவே ரைன்ஹார்ட் 1997இல் நேரடியாகக் கேட்டார். அந்தக் கேள்வியை வெளிப்படையாக விவாதிக்காமலே நாடு கொள்கை வகுக்கிறது என்பது அவர் மனக்குறை. டேனியல்ஸும் மருத்துவர் ஜேம்ஸ் சேபினும் அதே ஆண்டில் இதற்கு ஒரு நடைமுறையை முன்வைத்தார்கள்: எல்லையும் அதன் காரணமும் எல்லோருக்கும் தெரிய வேண்டும்; காரணம் நியாயமுள்ள எவரும் ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும்; மறுக்கப்பட்டவர் முறையிட வழி வேண்டும்; இவை நடக்கின்றனவா என்று கண்காணிக்க வேண்டும். எதுவரை என்பதில் கருத்து வேறுபடும் ஒரு சமூகமும் இந்த நான்கையும் தன் நோயாளிக்குத் தர முடியும், தரவும் வேண்டும்.