கையெழுத்திட்டவர் நியாயம் கேட்கலாமா?

பங்குத் தரகரின் சொல்லை நம்பி நஷ்டப்பட்டவர், அந்த நஷ்டத்தைத் தரகரிடமே கேட்கலாமா? "லாபம் வந்திருந்தால் தரகருக்கும் பாதி கொடுத்திருப்பாரோ?" என்றுதான் நம் வியாபார அன்பர்கள் கேட்பார்கள். சரியான கேள்விதான். சந்தை இறங்கியதால் வந்த நஷ்டம் முதல் போட்டவரையே சாரும். ஆனால் எல்லா நஷ்டமும் சந்தையால் வருவதில்லை. அமானத்தாக வைத்த சரக்கு தானாகக் கெட்டால் வைத்திருந்தவர் மீது குற்றமில்லை. அவருடைய பொய்யாலோ கவனக்குறைவாலோ கெட்டால் அவரே ஈடு செய்ய வேண்டும். வாங்கியவரும் பேராசைப்பட்டார் என்பார்கள். பட்டிருக்கலாம். அது அவர் கணக்கு. பொய் சொன்னது தரகர் கணக்கு. இரண்டையும் ஒரே பற்றில் எழுதுவது எந்தப் பேரேட்டிலும் வழக்கமில்லை.

அமெரிக்காவில் வில்கோ என்பவர் ஒரு தரகு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். ஒரு கம்பெனி வேறொன்றுடன் இணையப் போகிறது, பங்குக்கு 6 டாலர் கூடும் என்று சொல்லித் தமக்கு 1,600 பங்குகளை விற்றார்கள். அதே சமயம் அக்கம்பெனியின் டைரக்டர் ஒருவரே தம் பங்குகளை விற்றுக்கொண்டிருந்ததை மறைத்துவிட்டார்கள் என்பது அவர் முறையீடு. நிறுவனமோ, "தகராறு வந்தால் மத்தியஸ்தத்துக்குப் போவதாகக் கையெழுத்திட்டிருக்கிறீரே, கோர்ட்டுக்கு ஏன் வந்தீர்?" என்றது. சட்டம் தந்த கோர்ட்டு உரிமையைத் தகராறு எழுமுன்பே எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று 1953-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 1987-ல் வேறொரு வழக்கில் அதே கோர்ட்டு எதிர்த்திசையில் திரும்பியது. 1989-ல் பழைய தீர்ப்பையே ரத்துச் செய்தது. இன்று அங்கே தரகரிடம் கணக்குத் திறக்கும் தாளிலேயே இந்த ஷரத்து பெரும்பாலும் அச்சாகியிருக்கிறது. வழக்குகள் ஃபின்ரா என்னும் அமைப்பின் மத்தியஸ்தர்களிடம் போகின்றன. அந்த அமைப்போ தரகு நிறுவனங்களையே அங்கத்தினராகக் கொண்டது.

மத்தியஸ்தம் நமக்குப் புதிதன்று. கோர்ட்டுப் படி ஏறாமல் பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்ப்பதையே நாம் விரும்புகிறோம். ஆனால் நம் பஞ்சாயத்துக்காரரைத் தகராறு வந்தபின் இரு தரப்பும் பார்த்துத் தேர்கிறோம். அங்கே கையெழுத்திடாவிட்டால் கணக்கே இல்லை! இதைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும், அந்தக் கையெழுத்து எங்கே பேசுவது என்பதைத்தான் தீர்மானிக்கிறது. சொன்ன பொய்யை அது மன்னித்துவிடவில்லை. நஷ்டஈட்டுக் கோரிக்கை அங்கேயும் செல்லும்.

சில திருத்தங்கள் வந்திருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். 100,000 டாலருக்கு மேற்பட்ட வழக்கை வழக்கமாக மூவர் விசாரிப்பர். தரகுத் தொழிலைச் சேர்ந்த ஒருவரும் இல்லாத குழுவை வாடிக்கையாளரே கேட்டுப் பெறும் வழி 2011 முதல் உண்டு.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இரு தரப்பும் சேர்ந்து முன்கூட்டியே கேட்டாலொழிய, மத்தியஸ்தர்கள் தீர்ப்புக்குக் காரணம் எழுத வேண்டியதில்லை. கேட்டதில் கால் பங்கு கிடைத்தாலும், ஒன்றுமே கிடைக்காவிட்டாலும், ஏன் என்று ஒரு வரி இருக்காது. அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகவும் மிகக் குறுகிய வழியே உண்டு. ஆயுள் சேமிப்பைப் பறிகொடுத்த ஒருவர், தம்மிடம் சொல்லப்பட்டது பொய்யா, அல்லது சந்தைதான் இறங்கியதா என்ற அந்த ஒரு கேள்விக்கே பதில் பெறாமல் வீடு திரும்புகிறார்.