கொலையாளி தேவைப்படாத கொலை

1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள், மறுநாள் இறந்தார். 'சினிமா தூது', 'ஹிந்து நேசன்' பத்திரிகைகளில் நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை விற்றவர். 1945-ல் தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. பிரிவி கவுன்சில் வரை சென்ற மேல்முறையீட்டுக்குப் பின், 1947-ல் இருவரும் விடுதலையானார்கள்.

இக்கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். துக்கமெல்லாம் பாகவதரின் சரிவு பற்றியது. நியாயமான துக்கம்தான். ஆனால் அவர்கள் கொல்லவில்லை என்றால் கொன்றது யார்? இது நம்மிடம் புதிராக எழுகிறதே தவிர, தார்மீகக் கேள்வியாக எழுவதில்லை. செத்தவன் அயோக்கியன் என்ற எண்ணத்தில் அடங்கிவிடுகிறது.

அந்த அயோக்கியத்தனத்துக்குக் காசு கொடுத்தது வாசகன். ரகசியமாக ருசித்துவிட்டு, பாவம் முழுவதையும் எழுதியவன் தலையில் ஏற்றினான். அந்தச் சாவையும் அடுத்த வம்பாக வாசித்தான். பழைய பத்திரிகைகளைப் புரட்டி இந்த வழக்கை இன்று ரசிக்கிற நாமும் அவன் வாரிசுகள்தான். வெறுக்கத்தக்கவனுக்காகவும் கேட்கப்படும்போதுதான் நீதி என்ற சொல்லுக்குப் பொருள் வருகிறது. பிடித்தவர்களுக்கு மட்டும் கேட்கிற நீதிக்கு ரசிகத்தனம் என்று பெயர்.