யாரிடம் கணக்குச் சொல்வது?

2023 ஏப்ரலில் தைவானின் பௌ சென் குழுமம் தமிழ்நாடு அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் தோல் அல்லாத காலணி ஆலை. 2,302 கோடி ரூபாய் முதலீடு. 12 ஆண்டுகளில் 20,000 பேருக்கு வேலை. அங்கே தையல் எந்திரங்களின் முன் அமரப்போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்களாகத்தான் இருப்பார்கள். களையெடுத்தும் கரும்பு வெட்டியும் வாழ்ந்த வீடுகளில் ஒரு பெண்ணின் பெயருக்கு மாதச் சம்பளம் வருவது சிறிய விஷயம் அல்ல. அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையும் இல்லை.

இன்றைய முதலீடு நெறிகளையும் பேசிக்கொண்டே வருகிறது. சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றையும் சேர்த்து இ.எஸ்.ஜி. என்கிறார்கள். பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் இவை குறித்து அறிக்கை தர வேண்டும் என்று 2022-23 முதல் செபி கட்டாயமாக்கியது. பெண்களின் ஊதியம், பாலியல் துன்புறுத்தல் புகார்களின் எண்ணிக்கை எல்லாம் அதில் உண்டு.

'புகார்கள்: பூஜ்யம்' என்று ஓர் அறிக்கை சொன்னால் அதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். தவறே நடக்கவில்லை, அல்லது வாய்திறக்க யாருக்கும் துணிவில்லை. எது உண்மை என்று முதலீட்டாளருக்குத் தெரியாது. பக்கத்து எந்திரத்தில் இருப்பவளுக்குத் தெரியும். ஆனால் அறிக்கை அவளுக்காக எழுதப்படுவதில்லை. 2014இல் சீனாவின் டோங்குவானில் இதே குழுமத்தின் ஆலைகளில் பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சமூகக் காப்பீட்டுத் தொகை குறைவாகச் செலுத்தப்பட்டிருந்ததே காரணம். கணக்கைக் கேட்டவர்கள் அவர்கள்தான்.

நம் பக்கத்திலேயே வேறொரு வழி உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர்மீது குற்றம் சாட்டப்பட்டது. தலித் பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் பிறந்தது திண்டுக்கல் ஒப்பந்தம். சங்கம் பயிற்றுவித்த பெண்களே ஆலைக்குள் கண்காணிக்க அது வழிசெய்தது. ஆலை மீறினால் கொள்முதல் செய்யும் நிறுவனமும் நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டது.

அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலையின் சரக்குக்குத் தடை போட்டது; செப்டம்பரில் விலக்கிக்கொண்டது. தடை நீண்டிருந்தால் முதலில் வேலை இழந்திருப்பவர்கள் அந்தப் பெண்களே. வணிகத் தடைக்குப் பல் உண்டு. யாரைக் கடிக்கும் என்பதை அது பார்ப்பதில்லை. உள்ளே சங்கமும் ஒப்பந்தமும் இருந்தால்தான் வெளியிலிருந்து வரும் அழுத்தம் தொழிலாளிக்குத் துணையாகும்.

ஆகவே நெறி என்பது ஒருவரைப் பற்றி நன்றாக எழுதுவதல்ல, அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்படுவது. பெண் ஒரு குறியீட்டெண்ணாக இருக்கும்வரை அவள் நலம் முதலீட்டாளரின் நிம்மதிக்காகவே அளக்கப்படும். உளுந்தூர்பேட்டையில் நாம் கேட்க வேண்டியவை எளியவை: உள்ளகப் புகார்க் குழுவில் யார் இருப்பார்கள்? சங்கம் வைக்க முடியுமா? நிறுவனம் தரும் ஆண்டறிக்கை தமிழில், வேலை செய்பவர் கைக்கு வருமா? அது தவறென்றால், தவறு என்று சொல்லிவிட்டு அவள் மறுநாளும் வேலைக்குப் போக முடியுமா?