ஒளியில் ஆழ்ந்த கண்

1866-ஆம் ஆண்டுக் கோடையில், பாரிஸ் நகரை அடுத்த வில் தாவ்ரே என்னும் ஊரில் 25 வயது ஓவியர் ஒருவர் தோட்டத்தில் நீண்ட பள்ளம் ஒன்றைத் தோண்டினார். கிளாட் மொனே என்பது அவர் பெயர். அவர் வரையத் தொடங்கியிருந்த சீலையின் உயரம் இரண்டரை மீட்டருக்கும் அதிகம். ஏணியில் ஏறி வரைந்தால் பார்வையின் கோணம் மாறிவிடும். ஆகவே சீலையைப் பள்ளத்துள் இறக்கி, நின்ற இடத்திலிருந்தே மேற்பகுதியை வரைந்தார். வெயில் மறைந்தால் தூரிகையும் ஓய்ந்துவிடும்.

'தோட்டத்தில் பெண்கள்' என்ற அவ்வோவியத்தில், வெண்ணிற ஆடைமீது மரநிழல் நீலமாக விழுகிறது. 'ஆடை வெண்மை, நிழல் கருமை' என்பது அறிவு முன்கூட்டியே சொல்லிவைக்கும் செய்தி. மொனே அதனை ஒதுக்கிவிட்டுக் கண்டதை மட்டும் தீட்டினார். பிற்காலத்தில் இம்ப்ரெஷனிசம் எனப் பெயர்பெற்ற ஓவிய நெறியின் உயிர்நிலை இதுவே. 1867-இல் அரசுக் கண்காட்சியின் நடுவர்கள் அப்படத்தை நிராகரித்தனர்.

அத்தோட்டத்துப் பெண்களுக்கு மாதிரியாக நின்ற காமில், 1870-இல் மொனேயின் மனைவியானார். 1879 செப்டம்பரில் வெத்தேய் என்னும் சிற்றூரில், 32 வயதில் நோயுற்று மறைந்தார். அந்த நேரத்தில் நிகழ்ந்ததை மொனே பல ஆண்டுகளுக்குப் பின் தம் நண்பர் கிளெமான்சோவிடம் கூறினார். அன்பு மனைவியின் முகத்தில் மரணம் படிப்படியாகக் கொணர்ந்த நீலம், மஞ்சள், சாம்பல் நிறங்களைத் தம் கண்கள் தாமாகவே ஆராயத் தொடங்கிவிட்டன என்றார். திரிகைக்கல்லைச் சுற்றிவரும் விலங்கோடு தம்மை ஒப்பிட்டுக்கொண்டார்.

இதனைப் பற்றின்மை என்று போற்றலாமா? சாட்சியாக நின்று காண்பது உயர்ந்த நிலை என்று கேட்டுப் பழகியவர்கள் அவ்வாறு கருதக்கூடும். ஆனால் பற்றற்றவன் விரும்பும்போது பார்வையைத் திருப்பிக்கொள்ள வல்லவன். மொனேயால் அது இயலவில்லை. பெயர்களின் பிடியிலிருந்து பாடுபட்டு விடுவித்த கண், ஒளியின் பிடியில் அகப்பட்டுக்கொண்டது. பழக்கம் எத்துணை மேன்மையானதாயினும் பழக்கமே. (துக்க வீட்டில் இரங்கலுரையின் சொல்லழகை எடைபோடும் சொற்பொழிவாளருக்கு இது புதிதன்று.)

எனினும் அவரைக் கல்நெஞ்சர் என்பது பொருந்தாது. கல்நெஞ்சருக்குத் தம் கண்ணைக் கண்டு அச்சம் பிறப்பதில்லை. கண் நிறங்களை எண்ணிக்கொண்டிருந்தபோதே, அதனைக் கண்டு நடுங்கிய ஒன்றும் அவருள் விழித்திருந்தது.

வறுமையில் வாடிய நாட்களிலும் மொனே அந்த மரணப்படுக்கை ஓவியத்தை விற்கவில்லை. தோட்டத்து ஓவியமும் அதுவும் இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளன. முன்னதில் நிழல் எங்கே முடிகிறது, வெயில் எங்கே தொடங்குகிறது என்பது துல்லியம். பின்னதில் தூரிகைக் கோடுகள் மழைத்தாரை போல் விரைந்து விழுகின்றன; அவற்றினூடே அந்த முகம் பாதி மறைந்து கிடக்கிறது.