அருகிருப்பவன் கடமை

'மருந்து' என்னும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துரைத்தார்: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன். முதல் மூன்றையும் உலகம் மறப்பதில்லை. நான்காமவனையோ வெறும் ஏவலாள் என்றே எண்ணுகிறது. உயிர் காக்கும் அறிவு அவனுக்கும் கடமையாகுமா என்பதே ஈண்டு எழும் வினா.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் இவ்வினாவுக்குத் தனிப்பொருள் உண்டு. பால்மரங்கள் செழித்த நாளில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் 'டிரசர்' இருந்தார். அத்தகையோரின் பதிவுக்கென 1965இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. பின்னர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாயின. எஞ்சிய செம்பனைத் தோட்டமொன்றில் ஒருவர் மார்பைப் பிடித்துச் சாய்ந்தால், 999 என்னும் எண்ணை உடனே அழைத்தாலும், சிரம்பானிலிருந்தோ குவாலா பிலாவிலிருந்தோ மருத்துவ ஊர்தி வந்து சேரக் காலம் செல்லும்.

இதயம் நின்ற நான்கைந்து நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கும். அவ்விடைவெளியில் மருத்துவனும் இல்லை, மருந்தும் இல்லை. அருகிருப்பவன் ஒருவனே உண்டு. மார்பை வெளியிலிருந்து அழுத்தியே குருதியோட்டத்தைக் காக்கலாம் என 1960இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர் மூவர் எழுதினர். நினைவும் இயல்பான மூச்சும் அற்ற பெரியவரின் நெஞ்சின் நடுவே இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 முதல் 6 செ.மீ. ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்தவேண்டும் என்பது இன்றைய நெறி.

விலா எலும்பு முறியாதா எனச் சிலர் தயங்குவர். முறிதலும் கூடும். ஆயின், முறிந்த எலும்பு பின்னர்ப் பொருந்தும். நின்ற இதயம் தானே மீளாது.

சாய்ந்தவரைச் சூழ்ந்து அழுவோர் அனைவரும் அன்புடையவரே. எனினும், அவ்வழுகை அவருக்கு ஒரு மூச்சையும் தருவதில்லை. ஆகவே இப்பயிற்சி தொழில்திறன் மட்டுமன்று. அன்பின் ஒரு பகுதியாகும். தாதியரும் மருத்துவ மாணவரும் சான்றிதழ் பெற்றதோடு நின்றுவிடலாகாது. பழகாத கை சில திங்களிலேயே நுட்பத்தை இழக்கும். கற்றோர் அதனைத் தோட்டத்து இளைஞர்க்கும் மேல்வகுப்பு மாணவர்க்கும் கற்பித்தல் வேண்டும்.

கற்கும் வாய்ப்பே பெறாதவன்மீது பழியில்லை. வாய்ப்பிருந்தும் 'அது பிறர் தொழில்' என ஒதுங்கியவன் தன் இயலாமையைக் காரணம் காட்டுதல் பொருந்தாது. அவ்வியலாமை அவனே தேர்ந்துகொண்டதாகும். அருகிருக்கும் நேரம் எவருக்கு எப்போது வாய்க்கும் என்பதை யாரும் அறியார். அதற்கு முன்னரே கைகளைப் பழக்கி வைத்தலே அறமாம்.