சூளுறவும் சார்பும்

தீயதொரு பழக்கத்தை ஒருவன் தன்னுறுதி யொன்றாலேயே விட்டொழித்தல் கூடுமோ, அன்றிப் பிறர் சார்பும் வேண்டுமோ என்னும் வினா ஏட்டளவில் நிற்பதன்று. இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் ஈறாகத் துறைமுகத்திலும் மீன்பிடி துறையிலும் ஆலைகளிலும் மெய்வருந்த உழைப்போர் குடும்பங்கள் பலவற்றில் இவ்வினா நாடோறும் எழுகின்றது. கூலியோடு வீடு திரும்பற்பாலவன் மதுக்கடை புகுகின்றான். மறுநாட் காலையில் மனைவி மக்கள் முன் ‘இனித் தொடேன்’ என்று சத்தியஞ் செய்கின்றான். பொழுது சாயுமுன் அச்சத்தியஞ் சாய்கின்றது. சுற்றத்தார் அவனைப் பொய்யன் என்று தள்ளுகின்றனர். அவன் பொய்யன் தானோ என்பது ஆராயற்பாலது.

சூளுறவு பிழைத்த வரலாறு ஒற்றியூர்க்குப் புதிதன்று. சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழின்கீழ்ச் சூளுற்ற நம்பியாரூரர், திருவாரூரை நினைந்து ஒற்றியூரெல்லையைக் கடந்தவளவில் இருகண்ணும் ஒளி மறையப்பெற்றார் என்பது பெரியபுராணத்தால் அறியப்படும். ஆரூர்மேற் சென்ற காதலும் மதுவின்மேற் செல்லும் வேட்கையும் ஒன்றாகா. ஒப்புமை, சூள் பிழைத்தமையிலும் மீட்சி வந்த முறையிலுமே கொள்ளப்படும். அம்மீட்சி ஒருங்கே வந்திலது. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. ஆரூரில் வலக்கண் கிடைத்தது. முதற்கண் அருளப்பட்டது கண்ணன்று, கோலே என்பது கருதத்தக்கது. கோல் கண்ணாகாது, ஆயினும் வழி நடத்தற்குத் துணையாயிற்று.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று என்பது சித்தாந்தத் துணிபு. பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைக் காட்டுதல்போல, உயிரும் தான் சார்ந்ததனை விளக்கி நிற்கும். ‘யானே வெல்வேன்’ என்று ஒருவன் தனித்து நின்று சூளுறும்போது, அவன் பற்றிநிற்பது வேட்கையாற் கட்டுண்ட அந்த ‘யான்’ ஒன்றையே. கட்டுண்ட கை தன் கட்டைத் தானே அவிழ்த்தல் அரிது. அவன் சொல்லியது பொய்யன்று. ஊன்றிய இடமே உறுதியற்றது. மலம் நீங்கினார்க்கும் அன்பரோடு மருவுதல் வேண்டுமென்று மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் வைத்தாராயின், நீங்காதார்க்கு இணக்கத்தின் இன்றியமையாமை கூறவும் வேண்டுமோ?

இவ்வுண்மையை அயல்நாட்டார் தம் துயரின் வழியாகக் கண்டனர். அமெரிக்க நாட்டில் 1935ஆம் ஆண்டில், சில திங்களாகக் குடியை விட்டிருந்த பில் வில்சன் என்பார், ஆக்ரன் நகரில் மீண்டும் வீழ்ந்துவிடுவோமோ என்றஞ்சி, தம்மைப்போல் குடியால் நலிந்த வேறொருவரைத் தேடிச் சென்றார். அங்ஙனங் கண்டவர் பாப் ஸ்மித் என்னும் மருத்துவர். வில்சன் அவர்க்கு உபதேசஞ் செய்திலர். தம் கதையையே கூறினர். அவ்விருவரால் தோன்றியதே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் கூட்டம். அது 1957இல் இந்தியாவிலும் தொடங்கிற்று. சென்னையில் தமிழிலும் கூட்டங்கள் நடைபெறுகின்றன. அதன்கட் கட்டணமில்லை, சாதி சமய வினவல் இல்லை, குடியை விடும் விருப்பமொன்றே தகுதி. அங்குக் கேட்டவை வெளியிற் பேசப்படா. வாழ்நாள் முழுமைக்கும் சூளுறாது, ‘இன்று ஒருநாள்’ என்பதே அவர்தம் முறை. 2020இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை ஒருங்கு நோக்கி, தொடர்ந்து குடியாதிருத்தற்கு இந்நெறி பிற சிகிச்சைகள் சிலவற்றினும் மிக உதவுதலைக் கண்டது.

அற்றேல், ‘என்னால் இயலாது’ என்று ஒப்புதல் குற்றத்தினின்று நழுவுதற்கு வழியாகாதோவெனின், ஆகாது. அக்கூட்டத்தார் கொண்ட பன்னிரு படிகளுள், தம்மாற் கெடுக்கப்பட்டாரைப் பட்டியலிட்டு, இயன்றவாறு ஈடுசெய்தலும் அடங்கும். மேலும், எதனைச் சார்வது என்னுந் தேர்ச்சி உயிரின் செயலேயாம். மதுக்கடைக்கு நடந்த கால்களே கூட்டத்திற்கும் நடத்தல் வேண்டும். வலியின்மையை உணர்தல் முயற்சியின் முடிவன்று. முயற்சி புகும் வாயிலேயாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். நெடுநாள் மிகக் குடித்தவன் திடீரென நிறுத்தின் நடுக்கமும் வலிப்பும் அறிவுமயக்கமும் தோன்றி உயிர்க்கே இடராதல் உண்டு. ஆதலின் முதற்கண் மருத்துவரை நாடுதல் கடன். வடசென்னையார்க்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு அணித்தேயுளது. அடையாற்றுப் பக்கத்தில் 1980இல் தோன்றிய டி. டி. ரங்கநாதன் நிலையமும் இப்பணிக்கென்றே அமைந்தது. 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் வழி வினவலாம். இவ்விடங்களில் அணித்தாயுள்ள கூட்டம் யாண்டு, எந்நாள் என்று கேட்டறிதலும் தகும். குடும்பத்தார்க்கென ‘அல்-அனான்’ என்னுங் கூட்டம் 1951 முதல் தனியே உளது. இல்லாளும் தனித்து வருந்தவேண்டுவதில்லை.

முகவரி அறிந்தபின்னும் வாயிற்படியில் நாணம் தடுக்கும். முதல்நாள் ஒருவர் உடன்சென்று அவ்வாயில்வரை விடுதலும், திரும்பி வருங்கால் ஏளனஞ் செய்யாது வரவேற்றலும், ஒருகால் மீண்டும் வழுவினும் மறுநாள் அழைத்தலும் அன்பர் செயற்பாலன. கூடுதற்கோர் இடம் அவர்க்கு அளித்தல் கோயிலடியார்க்கும் இயல்வதே. வழுவினானைப் பொய்யன் என்று ஒதுக்குதல் எவர்க்கும் எளிது. கண்ணளிப்பது இறைவன் செயல். கோலளிப்பது நம்மனோர்க்கு இயன்ற தொண்டு.