உருகுவதற்கென்று ஒரு கம்பி

பாட்டுக் கேட்பதில் மோகம் கொண்ட என் நண்பர்கள் மத்தியில் ஒரு வாதம் நெடுநாளாக நடக்கிறது. அம்ப்ளிபயரின் பின்புறத்தில் இருக்கும் சின்ன பியூஸ் இசையின் தரத்தைக் கெடுக்கிறதா? பொன்முலாம் பூசிய விலையுயர்ந்த பியூஸ்கள் இதற்கென்றே விற்கப்படுகின்றன. சிலர் அளவு கூடிய பியூஸைப் போடுகின்றனர். இன்னும் சிலர் வெறும் கம்பியால் இணைத்தே விடுகின்றனர். வெளிக்கு இது இலத்திரனியல் வாதம். உள்ளே ஓர் அறக்கேள்வி இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

முதலில் செவியின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒலிபெருக்கிக்குப் போகும் பாதையில் பியூஸ் இருந்தால், தாழ்ந்த சுரங்கள் உரத்து ஒலிக்கையில் அதன் கம்பி சூடாகித் தடை ஏறும். உடனே ஆறி இறங்கும். இதனால் ஒலியில் சிறு திரிபு உண்டாவது அளந்து காணத்தக்க உண்மை. ஆகவேதான் தயாரிப்பாளர் பலர் அவ்விடத்தில் பியூஸைத் தவிர்த்து, பழுது நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ரிலேயை வைத்தனர். பாதுகாப்பை அவர்கள் கைவிடவில்லை.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ற் பாதையின் கதை வேறு. தெருக் கம்பிகளையும் வீட்டுக் கம்பிகளையும் தாண்டி வந்த மின்சாரத்தை 20 மில்லிமீற்றர் குழாயிலுள்ள பொன்முலாம் என்ன செய்துவிடும்? பியூஸை எந்தத் திசையில் செருகுவது என்றும் விவாதிக்கிறார்கள். 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டமோ செக்கனுக்கு 100 தடவை திசை மாறுகிறது.

இங்கு கவனிக்க வேண்டியவை வேறு. பெரிய ட்ரான்ஸ்போமர் உள்ள அம்ப்ளிபயர், சுவிட்சைப் போட்ட கணத்தில் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளத் தாமதித்து உருகும் வகை இருக்கிறது. அடிக்கடி எரிகிறதே என்று 2 அம்பியருக்குப் பதில் 5 அம்பியர் போடுவது தீர்வல்ல. சர்வதேச நியமப்படி செய்த சிறு பியூஸ் தன் அளவின் ஒன்றரை மடங்கை ஒரு மணி நேரமாவது தாங்கும். குழாயும் முக்கியம். சாதாரண 2 அம்பியர் கண்ணாடி பியூஸ் 35 அம்பியர் வரையே பாதுகாப்பாகத் துண்டிக்கும். மணல் நிரப்பிய பீங்கான் வகை 1500 அம்பியர் வரை துண்டிக்கும். குறுஞ்சுற்று ஏற்பட்டால் வீட்டுக் கம்பியில் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயக்கூடும்.

மற்றப் பாகங்கள் இயங்குவதால் மதிப்புப் பெறுகின்றன. பியூஸோ ஒருவேளை வராமலே போகக்கூடிய ஒரு கணத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறது. ஆகவே, "எனக்கு நன்றாகக் கேட்கிறது" என்ற சாட்சியம் அதன் விடயத்தில் செல்லாது. பியூஸுக்குப் பதிலாக முறுக்கிய கம்பியும் அந்த இரவு வரை நன்றாகத்தான் கேட்கும்.

இசையின் இன்பம் கேட்பவருக்கு உரியது. ஆபத்தோ பக்கத்து அறையில் உறங்கும் பிள்ளைக்கும், ஒட்டிய சுவருக்கு அப்பாலுள்ள அயலவருக்கும், நாளை அந்தக் கருவியைப் பழையதாக வாங்குபவருக்கும் உரியதாகிவிடுகிறது. அவர்களை யாரும் கேட்கவில்லை. என் உயிரைப் பணயம் வைக்க எனக்கு உரிமை உண்டா என்பதே கேள்வி. அப்படியிருக்க, பிறர் உயிரை அவர்கள் அறியாமல் பணயம் வைப்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? அவர்களுடைய பாதுகாப்பு நம் கையிலுள்ள அமானிதம்.

செவிக்கு அதிகாரமே இல்லை என்பதல்ல என் கருத்து. ஒலிபெருக்கியைத் தெரிவதிலும், அதை அறையில் எங்கே வைப்பது என்பதிலும், எந்தப் பதிவைக் கேட்பது என்பதிலும் செவியே தீர்ப்புச் சொல்லட்டும். பியூஸை மட்டும் கருவியின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் அளவும் வகையும் பார்த்து வாங்குவோம்.